அந்தரங்கப் பேன்: கண்டுபிடிப்பது முதல் ஒழிப்பது வரை, மலையகத்து வீடுகளுக்கு ஏற்ற வழிகாட்டி

"அரிப்புக்கு ஒரு கிறீம் தாங்க" என்று பாமசியில் மெதுவாகக் கேட்பார்கள். எந்த இடத்தில் என்று திருப்பிக் கேட்டால், மழை விட்டதா என்று வெளியே பார்ப்பார்கள். வெட்கத்தோடு வாங்கிப்போகும் அந்தக் கிறீம் பெரும்பாலும் தப்பான கிறீம்தான். சரியான மருந்து கிடைத்தவர்களில் பலரும் ஒரு மாதத்தில் திரும்பி வருகிறார்கள். மருந்து நல்லதுதான், வரிசை தவறிவிடுகிறது. ஒருவர் இன்றைக்குப் பூசுகிறார், துணையோ அடுத்த வாரம் பூசுகிறார். கம்பளி அப்படியே கிடக்கிறது, இரண்டாவது தடவை பூசுவது மறந்தே போகிறது. அதனால் கீழே உள்ளதை இதே வரிசையில் செய்யுங்கள்.

1. மருந்துக்கு முன்னால், பேன்தானா என்று பாருங்கள்

பூசிவிட்டுப் பார்த்தால் எதுவும் தெரியாது. உயிரோடு இருக்கும்போதுதான் அடையாளம் காண வேண்டும்.

பகல் வெளிச்சம் நல்லது. கதவைச் சாத்திக்கொள்ளும் வசதி இரவில்தான் என்றால் போன் டோர்ச் போதும். கூடவே ஒரு கண்ணாடியும் ஒரு வெள்ளைத் தாளும் வேண்டும். முடியை விரலால் பிரித்து, தோலும் முடியும் சேரும் இடத்தைப் பாருங்கள். நுனியில் தேடுவதில் பயனில்லை. இந்தப் பேன் அடிமுடியைப் பிடித்துக்கொண்டு, தோலோடு ஒட்டி, அசையாமல் இருக்கும். முதலில் ஒரு சின்ன மச்சம் மாதிரியோ காய்ந்த பொருக்கு மாதிரியோதான் தெரியும். நகத்தால் மெல்லத் தள்ளித் தாளில் போட்டு ஒரு நிமிடம் விடுங்கள். கால் அசைந்தால் சந்தேகம் தீர்ந்தது.

தலைப் பேன் நீளமானது. இது 1 முதல் 2 மில்லிமீற்றர்தான், அகலமாக, பார்ப்பதற்கு நண்டு மாதிரி இருக்கும். பின்னால் உள்ள இரண்டு சோடிக் கால்களின் நுனியில் தடித்த கொக்கி உண்டு. அந்தக் கொக்கி கெட்டியான, இடைவெளி விட்டு வளரும் முடிக்கு ஏற்றது. அதனால்தான் அந்தரங்க முடி, ஆசனவாய்ப் பக்கம், தொடை, வயிறு, நெஞ்சு, அக்குள், தாடி, மீசை, புருவம், கண் இமை என்று போகும், தலைமுடியில் பொதுவாகத் தங்காது. தேடும்போது இவ்வளவு இடத்தையும் தேடுங்கள். கீழே மட்டும் பார்த்து மருந்து போட்டவர்களுக்கு அக்குளில் மிச்சம் இருந்தால் அது மறுபடி இறங்கிவிடும்.

ஈர் முடியின் அடியில் மஞ்சளோடிய வெள்ளையில் ஒட்டியிருக்கும். விரலால் இழுத்துப் பாருங்கள். பொடுகோ பவுடரோ என்றால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும், ஈர் வராது.

வேறு இரண்டு அடையாளங்கள் உண்டு. ஒன்று, உள்ளாடையில் துரு நிறத்தில் அல்லது கறுப்பாகப் பொடிப் புள்ளிகள். அது பேனின் கழிவும் கொஞ்சம் இரத்தமும். மற்றது, தொடையிலோ அடிவயிற்றிலோ நீலம் கலந்த சாம்பல் நிறத்தில் மங்கலான தடங்கள். எல்லாருக்கும் இவை வராது. வந்தால் பேன் என்பதற்குப் பலமான அறிகுறி.

2. பேன் இல்லாத அரிப்பை ஒதுக்குங்கள்

மலையகத்தில் குழப்பம் அதிகம் வருவது சிரங்கோடுதான். சிரங்குக் கிருமியைக் கண்ணால் பார்க்க முடியாது. விரல் இடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றி, அக்குள், ஆணுறுப்பு என்று பல இடத்தில் பொரிப்பொரியாக வரும், வீட்டில் இன்னும் இரண்டு பேராவது சொறிந்துகொண்டிருப்பார்கள். விரல் இடுக்கில் அரித்தால் இந்த வழிகாட்டியை மூடிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சிரங்குக்குக் கழுத்திலிருந்து பாதம் வரை பூச வேண்டும், வீட்டில் உள்ள எல்லாரும் ஒரே நேரத்தில் பூச வேண்டும். பேனுக்கு அது தேவையில்லை.

தொடை இடுக்கில் ஓரம் சிவந்து வட்டமாகப் படர்ந்தால் அது பூஞ்சணம். மழையில் நனைந்த உடுப்போடு நாள் முழுக்க மலையில் நிற்பவர்களுக்கு இது சாதாரணம். ஷேவ் செய்த மூன்றாம் நாள் சிவந்த பொரி என்றால் முடிக்கால் வீக்கம். அட்டை கடித்த இடமும் பல நாள் அரிக்கும், ஆனால் கடித்த அந்த ஒரு இடம் மட்டும்தான்.

எது என்று தெரியாமல் ஸ்டீரொயிட் கிறீம் பூசாதீர்கள். அரிப்பு இரண்டு நாள் அடங்கும், பேன் ஒன்றும் சாகாது. பூஞ்சணமாக இருந்தால் இன்னும் படரும், அப்புறம் டாக்டரே பார்த்தாலும் அடையாளம் தெரியாத மாதிரி ஆகிவிடும்.

3. துணையிடம் சொல்லுங்கள், நாள் குறியுங்கள்

இந்தப் பகுதியைத்தான் எல்லாரும் தாண்டிப் போகிறார்கள். இந்தப் பேன் பறக்காது, குதிக்காது. பெரும்பாலும் உடலுறவில், முடியோடு முடி உரசும்போது தொற்றும். ஆணுறை போட்டாலும் தடுக்காது. ஒரே படுக்கை, ஒரே துவாய், மாற்றிப் போட்ட உடுப்பு வழியாகவும் எப்போதாவது வரலாம். கழிவறையில் இருந்து தொற்றுவது மிக அரிது. நாய், பூனையிடம் இருந்து வரவே வராது.

ஒருவர் மட்டும் மருந்து போட்டால் மற்றவரிடமிருந்து திரும்ப வரும். ஆகவே இருவரும் ஒரே இரவில். கடந்த ஒரு மாதத்தில் உடலுறவு வைத்த எல்லாருக்கும் தகவல் போக வேண்டும்.

"எங்கே இருந்து கொண்டுவந்தே?" என்ற கேள்வி வரத்தான் செய்யும். ஒருவர் கொழும்பில் வேலை, மற்றவர் தோட்டத்தில் என்று இருக்கும் குடும்பங்களில் இந்தக் கேள்வி அரிவாள் வரை போவதுண்டு. அதனால் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்: முதல் தடவை பேன் தொற்றியவருக்கு அரிப்புத் தொடங்க 2 முதல் 4 வாரம் வரை ஆகலாம். முன்னரே வந்து போனவருக்கு ஓரிரண்டு நாளிலேயே அரிக்கும். யாருக்கு முதலில் அரித்தது என்பதை வைத்து யார் கொண்டுவந்தார் என்று கணக்குப் போட முடியாது. "எனக்கு வந்திருக்கு, உனக்கும் இருக்கலாம், ரெண்டு பேரும் சேர்ந்து மருந்து போடுவோம்" என்று மட்டும் சொல்லுங்கள். மற்றப் பேச்சு பேன் ஒழிந்த பிறகு.

சொன்னால் அடி விழும் என்ற நிலை என்றால் தனியாகச் சொல்ல வேண்டாம். 10ஆம் பகுதியில் சொல்லும் கிளினிக்கில் அதைச் சொல்லுங்கள், துணைக்கு எப்படித் தெரிவிப்பது என்று அவர்கள் வழி பார்ப்பார்கள். பெண்களுக்கான 1938 உதவி இலக்கமும் இருக்கிறது.

நாள் எது? தோட்டத்தில் வேலை செய்பவர்களுக்குச் சனிக்கிழமை இரவைத்தான் நான் சொல்வேன். மறுநாள் பிரட்டுக்கு (காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) ஓட வேண்டியதில்லை, துணி துவைக்க ஒரு முழுப் பகல் கிடைக்கும்.

4. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

ஆளுக்குப் போதுமான மருந்து. இருவருக்கும் துவைத்த ஒரு சோடி உடுப்பும் மறுநாள் காலைக்கு இன்னொரு சோடியும். துவைத்த விரிப்பு. பேன் சீப்பு. ஓட்டை இல்லாத பெரிய பொலித்தீன் பைகள், வாயைக் கட்ட நூல். ஒரு மணிக்கூடு. கையுறை இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் சவர்க்காரம் போட்டுக் கை கழுவினால் போதும்.

மருந்தைக் கழுவ ஒரு மறைவும் வேண்டும். பொதுத் தண்ணீர்ப் பீலியில் பத்துப் பேருக்கு நடுவில் நின்று இதைக் கழுவ முடியாது, அதனால் பலர் நேரத்துக்கு முன்பே துடைத்துவிட்டு வந்துவிடுகிறார்கள். ஒரு வாளித் தண்ணீரை முதல் நாளே காம்பிராவுக்குள் (லயத்து அறைக்குள்) கொண்டுவந்து வைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

5. மருந்தைத் தெரிவு செய்யுங்கள்

பாமசியில் கேட்க வேண்டிய பெயர் பெர்மெத்ரின். இரண்டு விதமாக வரும், இரண்டையும் பயன்படுத்தும் நேரம் வேறு.

1 சதவீதம் உள்ளது லோஷனாக வரும், தலைப் பேனுக்கு விற்பதும் இதுதான். பூசி 10 நிமிடத்தில் கழுவிவிட வேண்டும். 5 சதவீதம் கிறீம், சிரங்குக்குக் கொடுப்பது. பேனுக்கும் டாக்டர்கள் எழுதுவார்கள். அதை இரவில் பூசி, 8 முதல் 12 மணித்தியாலம் விட்டுக் காலையில் கழுவ வேண்டும். கிறீமை 10 நிமிடத்தில் கழுவிவிட்டு "மருந்து வேலை செய்யல" என்று வருபவர்கள்தான் அதிகம். பெட்டியில் எத்தனை சதவீதம் என்று பார்த்துவிட்டுக் கடையை விட்டு இறங்குங்கள். உள்ளே இருக்கும் தாளில் நேரம் வேறாகப் போட்டிருந்தால் அந்தத் தாளின்படி செய்யுங்கள்.

மாத்திரையாக ஐவர்மெக்டினும் உண்டு. அது உடல் எடையைப் பார்த்து டாக்டர் எழுதிக் கொடுப்பது. கர்ப்பிணிகளுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் கொடுப்பதில்லை. பக்கத்து வீட்டில் மிச்சம் இருந்தது என்று விழுங்காதீர்கள்.

அப்புறம், போடக்கூடாதவை. மரக்கறித் தோட்டத்துக்கு அடிக்கும் பூச்சி மருந்தைத் தண்ணீரில் கலந்து பூசினால் என்ன என்று நுவரெலியா, வெலிமடைப் பக்கம் கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்த இடத்துத் தோல் மெல்லியது, சொறிந்து புண்பட்டும் இருக்கும், நஞ்சு நேராக இரத்தத்துக்குப் போய்விடும். பேன் சாகும் முன் ஆள் ஆஸ்பத்திரியில் இருப்பார். மண்ணெண்ணெய் தோலைப் பொசுக்கும், விளக்கும் அடுப்பும் எரியும் காம்பிராவில் தீயும் பிடிக்கும். டெட்டோலைத் தண்ணீர் கலக்காமல் ஊற்றுவது, கற்பூரம் அரைத்துத் தேய்ப்பது எல்லாம் புண்ணைத்தான் கொடுக்கும்.

முடியை முழுதாக மழிக்க வேண்டுமா? கட்டாயம் இல்லை. கத்தரிக்கோலால் குட்டையாக வெட்டினால் மருந்து அடிமுடிக்கு நன்றாகப் போகும், அவ்வளவே. மழித்தாலும் தொடையிலும் வயிற்றிலும் இருப்பது போகாது. ஷேவ் செய்த அன்றைக்கே மருந்து பூசினால் கீறல்களில் எரியும்.

6. சனி இரவு: பூசுதல்

முதலில் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். பிறகு துவாயால் நன்றாகத் துடைத்து, தோல் காய்ந்து சூடு தணியும் வரை பொறுங்கள். ஈரத்தில் மருந்து நீர்த்துப்போகும். சுடுதண்ணீரில் குளித்த சூட்டோடு பூசினால் தோல் மருந்தை அதிகம் உறிஞ்சும். குளிருக்குச் சுடுதண்ணீரில் குளித்துப் பழகிய நம் ஊரில் இந்தப் பொறுமைதான் கஷ்டம்.

அந்தரங்க முடி முழுதும், ஆசனவாயைச் சுற்றி, உள்தொடை, அடிவயிறு என்று அடிமுடி நனையும்படி விரலால் தேய்த்துப் பூசுங்கள். அக்குளிலும் நெஞ்சிலும் பேனைக் கண்டிருந்தால் அங்கேயும். உறுப்பின் உட்புறத்தில் பூசக்கூடாது. கண் இமைக்கும் புருவத்துக்கும் இது ஆகவே ஆகாது.

1 சதவீத லோஷன் என்றால் மணிக்கூட்டைப் பார்த்து 10 நிமிடம், பிறகு கழுவலாம். 5 சதவீதக் கிறீம் என்றால் துவைத்த உடுப்பைப் போட்டு, துவைத்த விரிப்பில் படுத்துவிடுங்கள். இடையில் மலசலகூடம் போய்க் கழுவினால் கழுவிய இடத்தில் மறுபடி பூசுங்கள். லேசான எரிச்சல் வரலாம். தாங்க முடியாமல் எரிந்தாலோ, முகம் வீங்கினாலோ, மூச்சு இழுத்தாலோ உடனே கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அன்று இரவு உடலுறவு வேண்டாம். 9ஆம் நாள் மருந்து முடிந்து, பேன் இல்லை என்று பார்த்து உறுதி செய்யும் வரை தள்ளிப்போடுவது நல்லது.

7. ஞாயிறு காலை: கழுவு, சீவு, துவை

கழுவித் துடைத்ததும் இரண்டாவது சோடி உடுப்பு. மருந்து போட்டும் ஈர் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். பேன் சீப்பாலோ நகத்தாலோ முடியின் அடியில் இருந்து நுனிப்பக்கமாக உருவி எடுங்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் சீப்பைத் தாளில் துடையுங்கள். பிறகு சீப்பைக் கொதித்து இறக்கிய தண்ணீரில் 10 நிமிடம் போட்டு வையுங்கள். அந்தச் சீப்பைத் தலைக்கு எடுக்காதீர்கள்.

துணி விஷயத்தில் வீடு முழுவதையும் கவிழ்க்க வேண்டாம். கடைசி 2, 3 நாளில் இருவரும் போட்ட உடுப்பு, விரிப்பு, தலையணை உறை, துவாய், போர்த்திய கம்பளி, இவை மட்டும். உடலை விட்டு இறங்கிய பேன் 1 முதல் 2 நாளுக்குள் இரத்தம் இல்லாமல் செத்துவிடும். சுவருக்கும் தரைக்கும் பூச்சி மருந்து அடிப்பது காசுக்கும் நுரையீரலுக்கும் கேடு.

பருத்தித் துணிக்குச் சூடுதான் மருந்து. வேண்டிய சூடு 55 பாகை செல்சியஸுக்கு மேல். வோஷிங் மெஷின் இல்லாவிட்டாலும் அண்டாவில் கொதித்து இறக்கிய தண்ணீரில் 10 நிமிடம் அமுக்கி வைத்தால் அந்தச் சூடு கிடைத்துவிடும். பச்சைத் தண்ணீரில் கல்லில் அடித்துத் துவைத்தால் அழுக்குப் போகும், ஈர் போகாது. வெயில் காயுமா என்று காத்திருக்காதீர்கள். தென்மேல் மழைக் காலத்தில் ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியாப் பக்கம் துணி மூன்று நாளானாலும் ஈரமாகவே கிடக்கும். பாதி காய்ந்ததும் சூடான அயன் பெட்டியால் தையல் ஓரங்களையும் இடுப்புப் பட்டியையும் அழுத்தித் தேயுங்கள், பேன் ஒளிவது அங்கேதான்.

கம்பளி, ஸ்வெட்டர், மெத்தை உறை போன்ற கொதிதண்ணீர் ஆகாதவற்றைப் பொலித்தீன் பையில் போட்டு வாயை இறுக்கிக் கட்டி 2 வாரம் வையுங்கள். ஈர் பொரித்தாலும் குஞ்சுக்கு இரத்தம் கிடைக்காது. குளிர் காலத்தில் ஒரே கம்பளியை வைத்திருப்பவரிடம் 2 வாரம் என்று சொல்வது நியாயமில்லைதான். அப்படியானால் குறைந்தது முழுதாக 3 நாள் யாரும் தொடாமல் வைத்து, எடுக்கும் முன் அயன் போடுங்கள். அந்த 3 நாளுக்கு யாரிடமாவது கம்பளி இரவல் வாங்கிக்கொள்ளலாம், உங்கள் கம்பளியை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

8. இரண்டாம் முறை: 9ஆம் நாள்

பெர்மெத்ரின் நடமாடும் பேனைக் கொல்லும், ஈர் எல்லாவற்றையும் கொல்லாது. ஈர் பொரிக்க 6 முதல் 10 நாள் ஆகும். பொரித்த குஞ்சு வளர்ந்து முட்டையிட இன்னும் 2, 3 வாரம் வேண்டும். இந்த இடைவெளியில் ஒரு தடவை அடித்தால் வமிசம் முடிந்தது.

மிக முந்திப் பூசினால் பொரிக்காத ஈர் தப்பும். அதனால் டாக்டர் வேறு நாள் சொல்லாவிட்டால் 9ஆம் அல்லது 10ஆம் நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சனி இரவு பூசியவர்களுக்கு அடுத்த சனி கழிந்து வரும் திங்கள் அல்லது செவ்வாய். பால் கணக்கு எழுதும் காலண்டரிலேயே ஒரு புள்ளி வைத்துவிடுங்கள், யாருக்கும் புரியாது. அரிப்பு நின்றுவிட்டது என்று இந்தத் தடவையை விடுபவர்கள்தான் அடுத்த மாதம் திரும்ப வருபவர்கள். இப்போதும் இருவரும் சேர்ந்தே பூச வேண்டும், அன்றைய உடுப்பையும் விரிப்பையும் மறுபடி மாற்ற வேண்டும்.

9. அரிப்பு மட்டும் நிற்கவில்லை என்றால்

பேனின் எச்சிலுக்குத் தோல் ஒவ்வாமை காட்டுவதுதான் அரிப்பு. பேன் செத்தாலும் அது அடங்க ஒன்று, இரண்டு வாரம் ஆகலாம். அரிக்கிறது என்பதற்காகத் தினமும் மருந்து பூசினால் மருந்தே தோலை எரித்து இன்னும் அரிக்க வைக்கும். உயிருள்ள பேன் இருக்கிறதா என்று 1ஆம் பகுதியில் சொன்னபடி பாருங்கள். வெறும் ஈர் ஓடு மட்டும் என்றால் அது தோல்வி அல்ல. இரண்டாம் முறைக்குப் பிறகும் பேன் நடமாடினால் அதே மருந்தை மூன்றாவது தடவை போடாமல் டாக்டரிடம் போங்கள், வேறு மருந்து தேவைப்படலாம்.

தூக்கம் கெடுகிறது என்றால் பிரிட்டன் (Piriton) மாதிரி ஒவ்வாமை மாத்திரை உதவும். அது தூக்கம் வர வைப்பது, ஆகவே இரவில் மட்டும். சரிவில் கொழுந்து பறிக்கப் போகிறவர்களும் வாகனம் ஓட்டுபவர்களும் பகலில் போடக்கூடாது. சொறிந்த இடத்தில் சீழ் வைத்தாலோ, தொடை இடுக்கில் நெறி கட்டினாலோ, காய்ச்சல் வந்தாலோ அது கிருமி ஏறிய புண். தோட்ட ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும்.

10. நேராக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவர்கள்

கண் இமையில் பேன் இருந்தால் வீட்டில் எதையும் பூசாதீர்கள். கண்ணுக்கென்று உள்ள களிம்பை 8 முதல் 10 நாள் வரை இமை ஓரத்தில் பூசச் சொல்வார்கள், பேன் மூச்சு அடைத்துச் சாகும். கடையில் விற்கும் சாதாரண வஸ்லின் அதற்குப் பதில் ஆகாது.

கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் பெர்மெத்ரின் பூசலாம், ஆனால் குடும்ப நல உத்தியோகத்தரிடமோ டாக்டரிடமோ சொல்லிவிட்டுப் பூசுங்கள்.

பிள்ளையின் இமையிலோ புருவத்திலோ இந்தப் பேனைக் கண்டால், பெரியவர்களோடு ஒரே படுக்கையில் படுத்ததால் வந்திருக்கலாம். யாராவது பிள்ளையிடம் தவறாக நடந்திருக்கவும் கூடும். பிள்ளையை அதட்டி விசாரிக்காமல் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். சந்தேகம் இருந்தால் சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு எடுக்கலாம்.

பேன் வந்த பெரியவர்கள் எல்லாரும் ஒரு தடவை பாலியல் நோய்க் கிளினிக்குக்குப் போவது நல்லது. இந்தப் பேன் எச்.ஐ.வி.யைப் பரப்பாது. ஆனால் பேன் வந்த அதே வழியில் மேகப்புண் (சிபிலிஸ்), வெட்டை (கொனோரியா) போன்ற பாலியல் நோய்களும் வந்திருக்கலாம். அவற்றில் பல ஒரு அறிகுறியும் காட்டாமல் உள்ளே இருக்கும். நுவரெலியா, கண்டி, பதுளை, மாத்தளை, இரத்தினபுரி ஆகிய இடங்களில் அரசாங்கக் கிளினிக்குகள் உள்ளன. பரிசோதனையும் மருந்தும் இலவசம், விபரம் வெளியே போகாது. தோட்ட ஆஸ்பத்திரியில் எல்லாரும் தெரிந்தவர்கள் என்று தயங்குபவர்களுக்கு இந்தப் பஸ் பயணம் பிரயோசனமானது. முதலில் தகவல் சாளரத்தில் நோயைச் சொல்லி வழி கேட்க வேண்டியதில்லை, "எஸ்.டி.டி. (STD) கிளினிக்" என்று கேட்டாலே காட்டுவார்கள். மருந்து பூசிய பிறகுதான் போகிறீர்கள் என்றால், பூசிய மருந்தின் வெறும் பெட்டியையும் கையோடு கொண்டுபோங்கள்.